சீரம் புட்டியின் முன்பக்கத்தை நம்பிக் காசை விடாதீர்கள்

பிரித்த அன்றே தேன் நிறத்தில் இருக்கிற வைட்டமின் சி சீரத்தை முகத்தில் போடாதீர்கள். ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விட்டு, புட்டியையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது உங்கள் பக்கம் பேசுவது அந்தப் படம்தான். விற்றவரிடமிருந்து வரும் பதில் பெரும்பாலும் ஒன்றே: "அது இயற்கையான நிறம், மூலிகைச் சாறு சேர்ந்திருக்கிறது."

வைட்டமின் சியின் தூய வடிவமான எல்-அஸ்கார்பிக் ஆசிட் வெள்ளைத் தூள். தண்ணீரில் கரைத்தால் நிறமே இருக்காது. அது கெடாமல் காக்க ஃபெருலிக் ஆசிட் சேர்த்த சீரம் வெளிர் வைக்கோல் நிறத்தில் இருக்கலாம், அதில் தவறில்லை. அடர்மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு என்று போனால் காற்றும் வெளிச்சமும் பட்டுச் சிதைந்துவிட்டது. அதைப் பூசினால் முகத்துக்குப் பயன் குறைவு, நகத்திலும் தலையணை உறையிலும் கறை மிச்சம். சில தயாரிப்புகளில் ஆரம்பத்திலேயே ஆரஞ்சு சாயம் கலந்திருக்கும். சேர்மானப் பட்டியலில் சிஐ என்று தொடங்கி ஐந்து இலக்க எண் இருந்தால் அது நிறமி. எந்த நோக்கத்தில் கலந்தாலும், கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அடர்பழுப்புக் கண்ணாடியிலும் இதே சிக்கல் உண்டு. அதற்குத்தான் டிஷ்யூ.

"ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" இங்கே ஏன் ஆபத்து என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 மில்லி புட்டியில், மில்லிக்குத் தோராயமாக 20 சொட்டு என்றால் 600 சொட்டு. முகத்துக்கு நாளைக்கு 4 சொட்டு போதும், அதாவது 150 நாள். திறந்த எல்-அஸ்கார்பிக் சீரம் நன்றாக இருப்பது சுமார் 3 மாதம். முதல் புட்டியையே முடிக்க முடியாது, இரண்டாவது அலமாரியில் வயதாகிக்கொண்டிருக்கும். வயதைத் தடுக்க வாங்கியதற்கு! 15 மில்லி கிடைத்தால் அதையே வாங்குங்கள். டிராப்பரைத் திறக்கும்போதெல்லாம் காற்று உள்ளே போகிறது, காற்றுப் புகாத பம்ப் அதைவிட நல்லது.

அடுத்தது சதவீத விளையாட்டு. பணம் அதிகம் போவது இங்கேதான்.

எல்-அஸ்கார்பிக் ஆசிட் தோலுக்குள் போக, சீரத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 3.5க்குக் கீழே இருக்க வேண்டும். 10 முதல் 20 சதவீதம் வேலை செய்யும் அளவு. 20ஐத் தாண்டினால் உள்ளே போவது கூடுவதில்லை, எரிச்சல்தான் கூடும். ஆகவே "30 சதவீதம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அது பெருமையல்ல. சோடியம் அஸ்கார்பைல் பாஸ்பேட் போன்ற, வைட்டமின் சியிலிருந்து செய்த வழிப்பொருள்கள் எளிதில் கெடாது, எரிச்சலும் குறைவு. ஆனால் அவற்றுக்கான ஆதாரமும் அந்த அளவுக்கு வலுவானதல்ல. முன்பக்கம் இரண்டுக்கும் "வைட்டமின் சி" என்றே பெயர் போடுவார்கள். பின்பக்கம்தான் எது என்று சொல்லும்.

சுருக்கத்துக்குப் பூசும் வைட்டமின் ஏ வகையான ரெட்டினாலில் இன்னும் நுணுக்கமான வேலை நடக்கிறது. அந்தக் குடும்பத்துக்குப் பொதுப்பெயர் ரெட்டினாய்டு. "ரெட்டினாய்டு 2 சதவீதம்" என்று எழுதியிருக்கும். அந்த 2 சதவீதம் பல சமயம் ஒரு கலவை மூலப்பொருளின் அளவு. அதற்குள் உண்மையான ரெட்டினாய்டான ஹைட்ராக்ஸிபினாகோலோன் ரெட்டினோயேட் பத்தில் ஒரு பங்குதான், ஆகக் கையில் வருவது 0.2 சதவீதம். சட்டப்படி பொய்யில்லை, படிப்பவர் தவறாகப் புரிந்துகொண்டால் விற்பவருக்கு நஷ்டமுமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் முகத்துக்கான அழகுப் பொருள்களில் ரெட்டினாலுக்கு 0.3 சதவீதம் என்று 2024இல் உச்சவரம்பு விதித்தது. உண்மையிலேயே 2 சதவீத ரெட்டினால் என்றால் பல முகங்கள் தாங்காது. எனவே அந்த எண் ஒன்று வெறும் கலவையின் அளவு, இல்லையென்றால் அபாயம். பெப்டைடுகள் என்ற சின்னப் புரதத் துண்டுகளிலும் இதே கதைதான்: "10 சதவீத பெப்டைடு காம்ப்ளெக்ஸ்" என்பதில் பெரும்பகுதி தண்ணீரும் கிளிசரினும்.

பின்பக்கப் பட்டியலைப் படிக்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. பொருள்கள் அளவு அதிகமானதிலிருந்து குறைந்ததுக்கு இறங்கும். 1 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால் எந்த வரிசையிலும் எழுதலாம். சீரம் கெடாமல் காக்கும் ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பொருளைத் தேடுங்கள், அதன் உச்சவரம்பு 1 சதவீதம். அதற்குப் பின்னால் வருகிற எல்லாமே 1 சதவீதமோ அதற்கும் குறைவோ. "5 சதவீத நியாசினமைடு" (வைட்டமின் பி3 வகை) என்று முன்பக்கத்தில் போட்டு, பட்டியலில் ஃபீனாக்ஸிஎத்தனாலுக்குப் பின்னால் நியாசினமைடு வந்தால் பேச்சுக்கே இடமில்லை, படம் எடுத்து அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள். ரெட்டினால் அப்படிப் பின்னால் வந்தால் பதற வேண்டாம், அதன் அளவே வழக்கமாக 1 சதவீதத்தைத் தாண்டாது. தங்கத் துகள், முத்துப் பொடி, ஆப்பிள் ஸ்டெம் செல் எல்லாம் வழக்கமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும். கொலாஜன் எந்த இடத்தில் வந்தாலும் ஈரப்பதம் தருவதோடு சரி, தோலைத் தாண்டி உள்ளே போக முடியாத பெரிய மூலக்கூறு அது.

இரண்டே நிமிடத்தில் கண்ணுக்குக் கீழே தொங்கும் பை மறைகிற வீடியோக்களில் பெரும்பாலும் தெரிவது சிலிகேட் பூச்சு. காய்ந்ததும் படலமாக இறுகித் தோலை இழுத்துப் பிடிக்கும். சிரித்தால் வெடிப்பு விடும், கழுவினால் போய்விடும். பட்டியலில் சோடியம் சிலிகேட், மெக்னீசியம் அலுமினியம் சிலிகேட் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மாலை விருந்துக்குப் போட்டுக்கொள்ளலாம், சிகிச்சை என்று சொல்லி விற்றால்தான் ஏமாற்று.

ஐந்தே நாளில் முகம் பளபளவென்று மாறி, தேமல், பரு எல்லாம் சேர்ந்து மறைந்தால் மகிழாதீர்கள். லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. நிறுத்தினால் முகம் சிவந்து கொதிக்கும், நாள்பட்டால் தோல் மெலிந்து நுண்ணிய ரத்த நாளங்கள் தெரியும். தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண், முழுச் சேர்மானப் பட்டியல் மூன்றில் எது இல்லையென்றாலும் அந்தப் புட்டி வேண்டாம். ஏற்கெனவே வாரக்கணக்கில் பூசியிருந்தால் புட்டியையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள்.

"எரிந்தால்தான் வேலை செய்கிறது" என்பார்கள். ரெட்டினால் தொடங்கிய முதல் சில வாரம் வறட்சியும் லேசான உரிதலும் வரும், அது சாதாரணம். வீக்கம், நீர் வடிதல், கழுவிய பிறகும் தணியாத எரிச்சல் ஒவ்வாமையாகவோ காயமாகவோ இருக்கலாம், அன்றே நிறுத்துங்கள். முகத்தில் போடுமுன் முழங்கை மடிப்பில் தினம் இரு வேளை, 7 முதல் 10 நாள் பூசிப் பார்ப்பது பேட்ச் டெஸ்ட். ஒரே நாள் பார்த்துவிட்டுச் சரி என்று முடிவெடுத்தால், தாமதமாக வரும் ஒவ்வாமை தெரியாது. ரெட்டினாலை வாரம் இரண்டு இரவு, பட்டாணி அளவு, நன்றாக உலர்ந்த முகத்தில் தொடங்குங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், முயற்சி செய்பவர்கள் ரெட்டினாய்டு எதையும் தொட வேண்டாம்.

சன்ஸ்கிரீன் பூசாதவருக்கு விலை உயர்ந்த சீரத்தை விற்பதும் ஒருவகை மோசடிதான், ஆனால் அதைக் கேட்டு வாங்குபவர்களே அதிகம். ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 1992 முதல் 1996 வரை நடந்த ஆய்வில், தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களிடம் தோல் முதுமைக் குறிகள், விருப்பம்போலப் பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தன. அதில் சீரம் எதுவும் இல்லை.

"30 நாளில் பலன் இல்லையென்றால் பணம் வாபஸ்" என்ற வாக்குறுதியையும் கவனியுங்கள். ரெட்டினால் சுருக்கத்தில் மாற்றம் காட்டக் குறைந்தது 12 வாரம் ஆகும். 25ஆம் நாள் புகார் சொன்னால் "இன்னும் இரண்டு மாதம் பூசிப் பாருங்கள்" என்பார்கள், அது நியாயமான பேச்சாகவும் இருக்கும். அதற்குள் கெடு முடிந்துவிடும். "இலவச மாதிரி, அனுப்பும் செலவு மட்டும்" என்று கார்டு எண் கேட்டால் அதைவிட மோசம். இரண்டு வாரத்தில் மாதாந்திரச் சந்தாவாக மாறும் நிபந்தனை சின்ன எழுத்தில் இருக்கும்.

எனவே பார்சல் வந்த அன்றே, பெட்டியைப் பிரிக்கும் வீடியோவோடு, முத்திரை, தொகுதி எண், காலாவதித் தேதி, சேர்மானப் பட்டியல், டிஷ்யூவில் சொட்டின் நிறம் இவற்றைப் பாருங்கள். குறை இருந்தால் அன்றே எழுத்தில் புகார் அனுப்புங்கள், தொலைபேசியில் சொன்னால் பதிவு இருக்காது. குறை இல்லையென்றால் ஜன்னலோரம், காலை அதே நேரம், முகத்தில் எதுவும் பூசாமல் ஒரு படம் எடுத்து வையுங்கள். 12 வாரம் கழித்து அதே இடத்தில் இன்னொன்று.