போர் வீரர்களின் மனவடு: பி.இ.யா, சி.பி.டி.யா?

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் போர்க்கால மனவடுவுக்கு (PTSD) முக்கியமாகத் தரப்படும் பேச்சு சிகிச்சைகள் இரண்டு: பி.இ. (Prolonged Exposure, அஞ்சுவதை நேராக எதிர்கொள்ள வைப்பது), சி.பி.டி. (Cognitive Processing Therapy, சம்பவம் பற்றிய எண்ணங்களை அலசுவது). முதலில் அறிகுறிகளை அளக்க பிசிஎல்-5 என்ற 20 கேள்வித் தாள். மொத்தம் 80க்கு 31-33ஐத் தொட்டால் விரிவான நேர்காணல்.

எட்னா ஃபோவா உருவாக்கிய பி.இ. முறையில், குண்டு வெடித்த அந்த நாளை வீரர் கண்ணை மூடி, இப்போது நடப்பதுபோலவே சொல்ல வேண்டும். அந்தப் பதிவை வீட்டில் தினமும் கேட்க வேண்டும். அப்புறம், தவிர்த்துவந்த இடங்களுக்கும் போக வேண்டும்: கூட்டமான ஓட்டலில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காருவது மாதிரி. ஒரு அமர்வு வழக்கமாக 90 நிமிடம். மனசு திடமானவரையே ஆட்டிவிடும் வேலை இது.

பேட்ரிஷியா ரெசிக்கின் சி.பி.டி.யில் சம்பவத்தை விவரித்தே ஆக வேண்டும் என்றில்லை. "வேறு பாதையில் வண்டியை விட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான்" என்ற எண்ணத்தைத் தாளில் எழுதி, அதற்கு ஆதாரம் என்ன என்று அலசுகிறார்கள். சுமார் 12 அமர்வுகள்.

916 வீரர்களை வைத்து 2022இல் வெளியான ஆய்வில் பி.இ. சற்றே முந்தியது, ஆனால் நோயாளி உணரும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. பாதியில் விட்டவர்கள் பி.இ.யில் சுமார் 56%, சி.பி.டி.யில் 47%. என்னைக் கவலைப்படுத்துவது இந்த எண்தான். குற்றவுணர்வில் புழுங்குபவருக்கு சி.பி.டி.யை, வெளியே போகவே அஞ்சுபவருக்கு பி.இ.யைத்தான் நான் சொல்வேன்.