நிரந்தரமா, தகுதிகாண் பருவமா: ஏழாயிரம் ரூபாயை விட்டுவிட்டு நான் அம்பத்தூரிலேயே இருந்தது ஏன்?

2018 பிப்ரவரியில் என் வீட்டு மேசையில் இரண்டு காகிதங்கள் கிடந்தன. ஒன்று, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பதினோரு ஆண்டுகளாக நான் வேலை பார்த்துவந்த ஆலையின் சம்பளச் சீட்டு. மற்றொன்று, ஒரகடத்தில் உள்ள ஓர் உதிரிபாக நிறுவனம் அனுப்பிய நியமனக் கடிதம். இரண்டும் சி.என்.சி. லேத் வேலைதான், அதாவது கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் மிஷினில். ஒரகடத்தில் மாதம் ஏழாயிரம் ரூபாய் அதிகம். ஆனால் அங்கே சேர்ந்தால் மறுபடியும் தகுதிகாண் பருவம் (புரொபேஷன்). இங்கே நான் நிரந்தரத் தொழிலாளி. நான் போகவில்லை. அதே மாதம் அதே நிறுவனத்தில் என் மைத்துனன் சேர்ந்தான். இரண்டு வழிகளும் எங்கே கொண்டுபோய் விட்டன என்பதை ஒரே வீட்டிலிருந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடும் நிரந்தரத் தொழிலாளி, தகுதிகாண் பருவத்தினர் இரு சாராருக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. ஆண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே போனஸுக்குத் தகுதி வந்துவிடும். சீருடை, கேன்டீன், பஸ் ஆகியவற்றில் பெரிய வேறுபாடு கிடையாது. இவற்றை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை.

காகிதத்தில் தகுதிகாண் பருவம் என்பது மிகச் சிறிய காலம். ஆலையின் பணி விதிகளைத்தான் நிலையாணைகள் என்பார்கள்; 1946-ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டத்தின் கீழ் வந்த மத்திய அரசின் மாதிரி நிலையாணைகளைப் படித்துப் பாருங்கள். நிரந்தரக் காலியிடத்தில் தற்காலிகமாக அமர்த்தப்பட்டு மூன்று மாதம் முடிக்காதவரே தகுதிகாண் பருவத்தினர். ஆலைகளின் நடைமுறை வேறு. இரண்டு ஆண்டு 'டிரெய்னி', அதன்பின் ஓர் ஆண்டு 'புரொபேஷன்', அதற்குப் பிறகும் 'கன்ஃபர்மேஷன்' கடிதத்துக்காகக் காத்திருப்பு. இதற்கு ஒரு கடிவாளமாகத் தமிழ்நாட்டில் 1981-இல் இயற்றப்பட்ட நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் இருக்கிறது. 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர் பணி முடித்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. நாள் கணக்கு தகராறானால் வருகைப் பதிவேடு நிர்வாகத்தின் கையில் இருக்கும்; நம் கையில் இருப்பது சம்பளச் சீட்டு மட்டுமே. ஒரு மாதச் சீட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஊதிய ஒப்பந்தத்தில் வேறுபாடு சற்றுக் கூடுதலாகத் தெரியும். எங்கள் ஆலையில் மூன்றாண்டுக்கு ஒரு முறை ஒப்பந்தம். 'ஒப்பந்தத் தேதியில் நிரந்தரப் பட்டியலில் உள்ள தொழிலாளர்களுக்கு மட்டும்' என்ற வரி அதன் முதல் பக்கத்திலேயே இருக்கும். 2012-இல் என்னோடு நின்ற ஒரு தம்பிக்கு, அந்தத் தேதி கடந்த பத்தொன்பதாம் நாள் நிரந்தர ஆணை வந்தது. உயர்வுக்கு அடுத்த ஒப்பந்தம் வரை மூன்றாண்டு காத்திருந்தான். பக்கத்து மிஷின், ஒரே வேலை, ஒரே எண்ணிக்கை உற்பத்தி. தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவின்படி சமரச அதிகாரி முன்னிலையில் போடப்படும் ஒப்பந்தம் ஆலையின் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும் என்பது உண்மைதான். ஆனால் எந்தப் பிரிவினருக்கு என்ன பலன் என்பதை அந்த ஒப்பந்தமே வகுத்துவிடுகிறது.

இருந்தாலும் நான் ஒரகடம் போகாததற்குப் பணம் காரணமல்ல. வேலையை விட்டு நம்மை எப்படி அனுப்புவார்கள் என்பது ஒன்றுதான் காரணம்.

2015-இல் இரவு ஷிப்டில் என் மிஷினில் விபத்து நடந்தது. வெட்டுக்கருவிகளைத் தாங்கும் டூல் டரட் வேகமாக வந்து, கடையும் பொருளைப் பிடித்திருக்கும் சக்கில் மோதியது. சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டில் கெட்டது, பல லட்சம் ரூபாய் செலவு. மறுநாளே பணியிடை நீக்கம். அடுத்த வாரம் 'கடும் அலட்சியம்' என்று குற்றச்சாட்டுக் குறிப்பாணை. பிழைப்பூதியமாகப் பாதிச் சம்பளம் வந்தது. (90 நாளுக்கு மேல் நீண்டால் அது 75 சதவீதமாகும்.) கேன்டீனுக்கு மேலே இருந்த பயிற்சி அறையில் உள்விசாரணை நான்கு அமர்வுகள் நடந்தது. எனக்குத் துணையாகச் சங்கத்தின் கிளைச் செயலாளர் அண்ணன் உட்கார்ந்தார்.

மூன்றாவது அமர்வில் அவர் ஷிப்ட் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். விபத்துக்கு இரண்டு நாள் முன்னால் என் கையெழுத்தில், "எக்ஸ் அச்சு ரெஃபரன்ஸ் தவறுகிறது, பராமரிப்புப் பிரிவு பார்க்கவும்" என்று எழுதியிருந்தது; கருவியின் தொடக்க இடத்தை மிஷின் தவறாக எடுக்கிறது என்று பொருள். வரியின் மேல் என் எண்ணெய்க் கை பதிந்த கறை. ஓரத்தில் பச்சை மையில் ஒரு சுருக்கொப்பம். பராமரிப்பு மேற்பார்வையாளரிடம் அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சார், இந்த ஒப்பம் உங்களுடையதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடியும் பார்த்துவிட்டு, "ஆமாம்" என்றார்.

எனக்கு ஓர் ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. வேலை தப்பியது. நான் நல்லவன் என்று யாரும் விட்டுவிடவில்லை. நிரந்தரத் தொழிலாளியை ஒரு குற்றத்துக்காக நீக்குவதானால் குற்றம் என்னவென்று எழுதிக் கொடுக்க வேண்டும், பதில் வாங்க வேண்டும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விட வேண்டும். அந்தப் பதிவேடு மேசைக்கு வந்ததே இந்த நடைமுறையால்தான். அங்கே தோற்றிருந்தாலும் தொழிலாளர் நீதிமன்றம் இருந்தது. தண்டனை அதிகம் என்று கண்டால் அதைக் குறைக்கும் அதிகாரத்தை 1971-இல் தொழில் தகராறு சட்டத்தில் சேர்த்த 11ஏ பிரிவு அந்த நீதிமன்றத்துக்குக் கொடுத்திருந்தது.

இதே விபத்து தகுதிகாண் பருவத்தில் நடந்திருந்தால்? மைத்துனனின் கதையே பதில்.

அவனுக்கு ஆறு மாதம் என்றார்கள். முடிந்ததும் இன்னும் ஆறு மாதம் நீட்டித்தார்கள். பத்தாவது மாதத்தில் மஞ்சள் காமாலை வந்து, ஈ.எஸ்.ஐ. மருத்துவர் சான்றிதழோடு பதினெட்டு நாள் விடுப்பில் இருந்தான். நோய்க்காலப் பலன் பெறும் நாள்களில் தொழிலாளியை நீக்கக் கூடாது என்று அப்போதைய ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு சொன்னது. அந்தப் பாதுகாப்பு முடிந்து, அவன் வேலைக்குத் திரும்பிய ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. "தகுதிகாண் பருவத்தில் தங்கள் பணி திருப்திகரமாக இல்லாததால் இன்றுடன் தாங்கள் விடுவிக்கப்படுகிறீர்கள்." ஒரே வரி. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்து, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அன்று ஷிப்ட் பஸ்ஸில்கூட அவனை ஏற்றவில்லை.

"மாமா, என்ன தப்பு செய்தேன் என்று கேட்டேன். தப்பு செய்ததாகவே நாங்கள் எழுதவில்லையே என்கிறார்கள்" என்றான் என்னிடம்.

அந்தப் பதிலில்தான் சூட்சுமம் இருக்கிறது. குற்றம் சாட்டி நீக்கினால் அது தண்டனை, விசாரணை தேவை. 'திருப்தி இல்லை' என்று மட்டும் எழுதினால் அது சாதாரணப் பணி முடிப்பு, விசாரணை தேவையில்லை. உள்ளே தண்டனை மறைந்திருந்தால் நீதிமன்றங்கள் திரையை விலக்கிப் பார்த்ததுண்டு. ஆனால் மறைந்திருப்பதை நிரூபிக்கும் சுமை வேலையிழந்தவன் தலையில் விழுகிறது. 240 நாள் முடித்தவனை ஆட்குறைப்பு செய்தால் நோட்டீஸும் இழப்பீடும் தர வேண்டுமே என்று தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருந்த தொழிலாளர் துறை அலுவலகம் வரை போய் விசாரித்தோம். வேலை ஒப்பந்தத்தில் எழுதிய நிபந்தனையின்படி முடித்தால் அது ஆட்குறைப்பாகாது என்று தொழில் தகராறு சட்டத்தில் 1984-இல் சேர்த்த உட்பிரிவைக் காட்டினார்கள். வழக்குப் போட அவனிடம் தெம்பு இல்லை.

ஒரகடம் போன எல்லோருக்கும் இப்படி நடந்ததாகச் சொல்ல மாட்டேன். எங்கள் ஆலையிலிருந்தே போன இருவர் அங்கே நிரந்தரமாகி, இன்று என்னைவிட அதிகம் வாங்குகிறார்கள். திருமணமாகாத இருபத்திரண்டு வயதுப் பையனுக்குத் தகுதிகாண் பருவத்தின் குறுகிய நோட்டீஸ் காலம் வசதியாகக்கூட இருக்கலாம். நல்ல இடம் கிடைத்தால் உடனே கிளம்பலாம். மென்பொருள் நிறுவனங்களில் நிலைமை எப்படி என்பதை அங்கே வேலை பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். என் பேச்சு மிஷின் முன்னால் நிற்பவர்களுக்கானது. நான் மேலே சொன்ன தொழில் தகராறு, நிலையாணைகள் சட்டப் பிரிவுகளும் அந்தக் காலத்தவை. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அவற்றின் இடத்துக்கு வந்துவிட்டதால், வழக்கென்று போகிறவர்கள் புதிய பிரிவுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிரந்தர வேலையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றால், சம்பள வரிக்கு முன்னால் நீட்டிப்பு வரியைப் படியுங்கள். அதிகபட்சக் காலத்தை விதியே வரையறுத்து, அதற்கு மேல் நீட்டிக்க வழியில்லாத நிலையில் ஒருவரை வேலையில் தொடர விட்டால், அவர் உறுதிப்படுத்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் 1968-இல் தரம் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. அது அரசுப் பணி வழக்கு என்றாலும், பார்க்க வேண்டிய வரி எது என்பதைக் காட்டுகிறது. மைத்துனனின் பழைய கடிதத்தில், 'உறுதிப்படுத்தும் ஆணை எழுத்தில் வழங்கப்படும் வரை தகுதிகாண் பருவம் தொடரும்' என்று இருந்தது. அப்படி எழுதியிருந்தால் எத்தனை மாதம் ஓடினாலும் தானாக நிரந்தரம் வராது.

போன ஆண்டு அவன் இருங்காட்டுக்கோட்டையில் வேறொரு வேலைக்குத் தேர்வானான். கையெழுத்துப் போடுமுன் கடிதத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பினான். 'தகுதிகாண் பருவம் ஆறு மாதம். ஒரே ஒரு முறை, மூன்று மாதத்துக்கு மிகாமல் நீட்டிக்கலாம்' என்று இருந்தது. அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, "போடு" என்றேன்.