பழைய டேனரிக் கிணற்றை மூடப்போகிறீர்களா? நான் ஏமாந்ததைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்

ராணிப்பேட்டைப் பக்கம் அப்பா வாங்கிப் போட்ட ஒரு மனை எங்களுக்கு இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன் அங்கே ஒரு சின்ன டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை, ஓடியதாம். மூலையில் ஒரு வறண்ட கிணறு. வீடு கட்டும் முன் அதை மூடவும் மண்ணைச் சோதிக்கவும் ஒரு ஒப்பந்தக்காரரைப் பிடித்தோம். "கவலையே வேண்டாம்கா, மண் டெஸ்ட், கிணறு மூடுறது எல்லாம் சேர்த்து நானே முடிச்சுத் தர்றேன்" என்றார். 1,80,000 ரூபாய் பேசி, முக்கால்வாசிப் பணத்தை முன்னாலேயே கொடுத்தேன். அதுதான் முதல் தவறு.

அவருடைய ஆள் மண்வெட்டியால் தென்னை மரத்தடியில் ஒரு பை மண் அள்ளிக்கொண்டு போனார். கிணற்றுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான்கு நாளில் முத்திரையோடு அறிக்கை வந்தது. கார அமிலத் தன்மை, மின்கடத்துத்திறன், தழை, மணி, சாம்பல் சத்து, கடைசியில் 'வளம் நடுத்தரம்'. நானும் சந்தோஷப்பட்டேன். அது நெல்லுக்கும் கடலைக்கும் உரம் போடப் பார்க்கும் சோதனை. தோல் பதனிடப் பயன்படுத்தும் குரோமியம் என்ற உலோகத்தின் பெயரே அந்தத் தாளில் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அப்புறம் லாரியில் இடித்த வீட்டுச் செங்கல்லும் காரையும் வந்தன. கிணற்றில் கொட்டி, மேலே ஒரு அடி செம்மண் பரப்பிவிட்டுப் போனார்கள். அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு மழைக்காலம் போனதும் அந்த இடம் இரண்டடி உள்வாங்கியது.

அந்த டேனரியில் வேலை செய்த பக்கத்து வீட்டுத் தாத்தா அப்போதுதான் சொன்னார்: "சுண்ணாம்புத் தொட்டித் தண்ணி, குரோம் தண்ணி எல்லாம் அந்தக் கிணத்துலதாம்மா விடுவாங்க." எனக்குக் கை கால் ஆடிப்போயிற்று. தோலில் மயிர் நீக்க சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுவார்கள். அந்தக் கசடு கிடக்கும் கிணற்றில் விஷவாயு தேங்கியிருக்கலாம். நல்லவேளை, யாரும் உள்ளே இறங்கவில்லை. வறண்ட கிணறு என்பது மேலிருந்து நிலத்தடி நீருக்கு நேராகப் போகும் வழி. வடிகட்ட நடுவில் மண் கொஞ்சம்தான் இருக்கும். கசடை எடுக்காமல் செங்கல் சல்லியைக் கொட்டினால், அந்தச் சந்துகளில் இறங்கும் ஒவ்வொரு மழையும் கசடைக் கரைத்துக் கீழே கொண்டுபோகும். பக்கத்து வீடுகளின் போர் தண்ணீரும் அங்கிருந்துதான் வருகிறது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தரநிர்ணயம். பாலாற்றங்கரை டேனரிகளின் மாசு பற்றி உச்ச நீதிமன்றம் 1996லேயே தீர்ப்புச் சொன்ன ஊர் நம்முடையது. இதை நானே யோசித்திருக்க வேண்டும்.

பிறகு அங்கீகாரம் பெற்ற ஒரு ஆய்வகத்தை நானே தேடிப் போனேன். அவர்கள் செய்த விதமே வேறு. கிணற்றைச் சுற்றித் துளையிட்டு, ஆழத்துக்கு ஆழம் தனித்தனியாக மண் எடுத்தார்கள். எல்லாவற்றையும் கலந்தால் கெட்ட மண் நல்ல மண்ணில் மறைந்துவிடுமாம். ஒப்பிட்டுப் பார்க்க, டேனரி இல்லாத தூரத்து நிலத்திலிருந்தும் ஒரு மாதிரி. மொத்தக் குரோமியம் தனி, அதில் மிகக் கொடிய வகையான ஆறு இணைதிறன் குரோமியம் தனி; அதற்கான மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். கிணற்றோரத்து மண்ணில் குரோமியம் தூரத்து மண்ணைவிடப் பல மடங்கு இருந்தது.

இப்போது கொட்டியதை எல்லாம் திரும்ப அள்ள வேண்டும். அடிக் கசடு அபாயக் கழிவு என்று உறுதியானால் கண்ட இடத்தில் கொட்ட முடியாது. உரிய அனுமதியோடு கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவுக் கிடங்கு போன்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். அடிமண்ணை மறுபடி சோதித்த பிறகே சுத்தமான களிமண் போட்டு இறுக்கி மூட முடியும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதியிருக்கிறேன். செலவு முதலில் பேசியதைப் போல் பல மடங்கு ஆகும்.

ஒப்பந்தக்காரர் போனை எடுப்பதில்லை. போன வாரம் எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி, இன்னொரு பழைய டேனரி மனையில் அவருடைய லாரி செங்கல் இறக்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டம்மாவிடம் போய் என் இரண்டு அறிக்கைகளையும் காட்டினேன். லாரியை நிறுத்திவிட்டார்கள்.