டிடி தமிழ் கிராமத்து வீட்டுக்கு வர எது நல்ல வழி? ஃப்ரீ டிஷ், கேபிள், டிடிஎச், போன்: ஓர் ஒப்பீடு

அத்தைக்குத் தோட்டத்திலேயே வீடு. மணப்பாறைப் பக்கம் தார் ரோட்டை விட்டு இறங்கி, வரப்பில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். கேபிள் ஒயர் ஊரின் கடைசித் தெருவோடு நின்றுவிட்டது. மாமா இருந்தவரை டிடிஎச் ஓடியது. அவர் போன பிறகு ரீசார்ஜ் செய்ய ஆளில்லாமல் பெட்டி தூசி படிந்து கிடந்தது. “எனக்கு அம்பது சேனல் என்னத்துக்குடா? வயலும் வாழ்வும் வரணும், சேதி வரணும், மழ எப்பன்னு சொல்லணும். மாசாமாசம் யார் கையயும் எதிர்பாக்காம வரணும்” என்றார்.

அவர் கடைசியாகச் சொன்னதை அளவுகோலாக வைத்துத்தான் நான்கு வழிகளையும் பார்த்தேன்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. கொடைக்கானல் கோபுரம் வந்ததும் தென்மாவட்டங்களிலும் கூரைக்குக் கூரை ஆன்டெனா முளைத்தது. அதற்கு முன்பு கடலோர ஊர்களில் ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி ரூபவாகினி பார்த்தவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். அன்றைக்குக் கம்பியும் பைப்பும் வாங்கினால் போதும், மாதக் கட்டணம் என்ற பேச்சே கிடையாது. நாடு முழுவதும் பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவற்றை, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2022-க்குள் நிறுத்திவிட்டது. சென்னைத் தொலைக்காட்சியின் செயற்கைக்கோள் சேனலான பொதிகை 2024 ஜனவரி 19-இல் டிடி தமிழ் ஆனது. பெயரும் படத்தின் தரமும் மாறின, ஆனால் கிராமத்து வீட்டுக்கு அது எந்த வழியாக வந்து சேரும் என்பதை இப்போது நாமே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

கிராமங்களில் முதலில் நினைவுக்கு வருவது அரசு கேபிள். 2007-இல் தொடங்கிய நிறுவனம் 2011-இல் 70 ரூபாய்க்கு இணைப்பு என்று புத்துயிர் பெற்றபோது, தனியார் கேபிள் கேட்ட பணத்தைக் கொடுக்க முடியாத வீடுகளுக்கு அது பெரிய ஆறுதல். 2017-இல் செட்டாப் பாக்ஸுக்கு மாறினார்கள். 2019-இல் கட்டணத்தை 130 ரூபாயாகக் குறைத்தார்கள், ஜிஎஸ்டி தனி. தமிழ்ச் சேனல்கள் என்று பார்த்தால் இதை அடித்துக்கொள்ள முடியாது. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 200-ஆம் எண்ணில் வரும் கல்வித் தொலைக்காட்சி ஒன்றே போதுமான காரணம். மழைக்கும் கேபிள் தாங்கும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பது, மழை அதிகம் பாதிக்காத சி-பேண்ட் அலைவரிசையில் சிக்னல் பிடிக்கும் பெரிய டிஷ் என்பதால், அடைமழையிலும் அங்கே சிக்னல் எளிதில் போகாது.

கேபிளின் பலவீனம் வழியில் இருக்கிறது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து நம் வீடு வரை ஒயர் எத்தனை கம்பம் தாண்டி வருகிறதோ, அத்தனை இடத்திலும் அறுந்து போகலாம். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது சாய்ந்த மின்கம்பங்களோடு கேபிள் ஒயரும் மண்ணில் கிடந்தது. புயலே இல்லாமலும் நிற்கும்: 2022 நவம்பரில் மென்பொருள் தகராறில் அரசு கேபிளின் லட்சக்கணக்கான பெட்டிகள் ஒரே நேரத்தில் முடங்கின. அந்த வீடுகளில் சீரியலோடு வயலும் வாழ்வும் நின்றுபோனது.

தனியார் டிடிஎச்சைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தோட்டத்து வீட்டுக்கும் வரும், படம் தெளிவு. டிடி தமிழும் அதில் உண்டு, கேபிளிலும் உண்டு. 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி தூர்தர்ஷன் சேனல்களைக் காட்டாமல் எந்தக் கேபிளும் இயங்க முடியாது, டிடிஎச்சுக்கும் அப்படியே கட்டாயம் உண்டு. ஆனால் அத்தை வீட்டில் நான் பார்த்தது என்னவென்றால், ரீசார்ஜ் முடிந்த மறுநாள் எல்லாச் சேனலும் சேர்ந்தே இருண்டுவிட்டன. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் சேனல், ஒரு கம்பெனிக்கு மாதப் பணம் கட்டவில்லை என்பதற்காகத் தெரியாமல் போவது எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை.

ஃப்ரீ டிஷ் வேறு ரகம். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில், 33 சேனலோடு தூர்தர்ஷனே தொடங்கியது. டிஷ், அதன் முன்னால் நின்று சிக்னலைப் பிடிக்கும் எல்என்பி, பெட்டி, ஒயர் எல்லாம் சேர்த்து சுமார் 2,000 ரூபாய். அதோடு சரி. மாதக் கட்டணம் இல்லை, சந்தாதாரர் எண் இல்லை. சிக்னலைப் பூட்டாமல் விடுவதால் நம் வீட்டை மட்டும் தனியாக நிறுத்த யாராலும் முடியாது. அத்தை கேட்டதற்கு நேர் பதில் இதுதான்.

டிஷ் மாட்டியது நானும் மச்சானும்தான். ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15-இலிருந்து. நம் ஊரில் டிஷ் தென்கிழக்கே பார்த்து, நன்றாக அண்ணாந்து நிற்க வேண்டும். அடிக்கம்பி ரசமட்டத்துக்கு நேராக இல்லாவிட்டால் எவ்வளவு திருப்பியும் பயனில்லை. நான் மாடியில், மச்சான் டிவி முன்னால். பெட்டியின் திரையில் இரண்டு கோடு வரும்: ஸ்ட்ரெங்த், குவாலிட்டி. முதல் கோடு எந்தப் பக்கம் திருப்பினாலும் நிறையும், அதை நம்பி ஏமாறக் கூடாது. குவாலிட்டிதான் உண்மை. “வந்துச்சா மச்சான்?” “இல்ல, போயிருச்சு... நில்லு நில்லு, அம்பது... அம்பத்தஞ்சு!” விரற்கடை அளவு நகர்த்தியதில் கிடைத்தது. அப்படியே பிடித்துக்கொண்டு நட்டை முடுக்கினேன். ஆளை வைத்து மாட்டினாலும் அந்தக் குவாலிட்டி கோட்டை நீங்களே பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இதில் குறை இல்லாமல் இல்லை. தனியார் சேனல்களுக்கான இடங்கள் ஏலத்தில் போகின்றன, அதனால் வரிசையில் பெரும்பாலும் இந்தி. பெரிய தமிழ்ப் பொழுதுபோக்குச் சேனல்களை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். 2015-இல் விவசாயிகளுக்கென்றே தொடங்கிய டிடி கிசானும் பெரும்பாலும் இந்தியில் பேசுகிறது. நெல்லில் குலைநோயைப் பற்றி இந்தியில் கேட்டு மணப்பாறை விவசாயி என்ன செய்வார்? டிடி தமிழ் ஒன்றின் தலையில்தான் அந்தப் பாரம் முழுவதும் இருக்கிறது. அடைமழையில் படம் கட்டம் கட்டமாக உடையும். அந்தக் குறை, மழையில் எளிதில் தடைபடும் கேயு-பேண்ட் அலைவரிசையில் வரும் எல்லாச் சின்ன டிஷ்ஷுக்கும் பொது, மாதம் 300 ரூபாய் கட்டினாலும் அதே மழைதான்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய முக்கியத்துவம் உள்ள போட்டிகளின் ஒளிபரப்பைத் தனியார் சேனல்கள் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும். அப்படிப் பகிர்ந்ததைத் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் ஊருக்குள் கேபிள் வீட்டில் டிடி ஸ்போர்ட்ஸில் வேறு ஏதோ ஓடும்போது, தோட்டத்து வீட்டில் அதே சேனலில் இந்தியா ஆடும் மேட்ச் ஓடும். அத்தை வீட்டுத் திண்ணைக்கு இப்போது கூட்டம் வருவது இதற்காகத்தான்.

போன்? டிடி தமிழுக்கு யூடியூப் சேனல் இருக்கிறது. 2024 நவம்பரில் பிரசார் பாரதி தொடங்கிய வேவ்ஸ் செயலியும் இருக்கிறது. விவசாய நிகழ்ச்சிக்கு ஒரு விஷயத்தில் போன்தான் முதலிடம்: நிறுத்திப் பார்க்கலாம். டிவியில் “ஏக்கருக்கு இத்தனை கிராம், பத்து லிட்டர் தண்ணீரில்” என்று வேளாண் அலுவலர் சொல்லி முடிப்பதற்குள் பேனா கிடைக்காது. போனில் பின்னால் தள்ளி, அந்த இடத்தைப் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பலாம். ஆனால் நேரலையாகத் தினமும் பார்ப்பதற்கு டேட்டா கட்டுப்படியாகாது, தோட்டத்தில் டவரும் ஒரு கோடுதான் காட்டும். அத்தை கையில் இருப்பது பட்டன் போன்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஊருக்குள் வீடு, படிக்கிற பிள்ளைகள், சீரியல் பார்க்கிற பெரியவர்கள் என்றால் அரசு கேபிள். கையில் 2,000 ரூபாய் இருந்தால் அதற்குத் துணையாக ஒரு ஃப்ரீ டிஷ்ஷும் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து வீடு, தனியாக இருக்கும் வயதானவர், மாத வருமானம் நிச்சயமில்லாத குடும்பம் என்றால் யோசிக்காமல் ஃப்ரீ டிஷ். வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய டிடிஎச் டிஷ்ஷைத் தூக்கிப் போடாதீர்கள், திசை திருப்பினால் அதுவே ஆகும், பெட்டி மட்டும் வாங்கினால் போதும். போனை, பார்த்ததைத் திரும்பப் பார்க்க வைத்துக்கொள்ளலாம்.

மாட்டி ஏழெட்டு மாதம் கழித்து அத்தையிடமிருந்து போன் வந்தது. வானம் வெளுத்துக் கிடக்கிறது, படம் மட்டும் உடைகிறதாம். போய்ப் பார்த்தால் வீட்டை ஒட்டிய தென்னையின் மட்டை ஒன்று டிஷ்ஷுக்கு நேரே சரிந்திருந்தது. மச்சான் ஏறி வெட்டிவிட்டான். கீழே இறங்குவதற்குள் உள்ளிருந்து டிடி தமிழ்ச் செய்தி கேட்டது.