‘பெரிய பேட்டரி’ என்று சொல்லி மாட்டிவிடுகிறார்கள்: செல்போன் பேட்டரி மாற்றுபவர்கள் கவனிக்க

போனில் சார்ஜ் நிற்கவில்லை என்று பேட்டரி மாற்றப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். "கம்பெனி பேட்டரியைவிடப் பெருசு ஒண்ணு இருக்கு, ரெண்டு நாள் நிக்கும்" என்று எந்தக் கடையில் சொன்னாலும் அங்கே போனைத் திறக்க விடாதீர்கள். என் அண்ணனுக்கு அப்படிச் சொல்லி மாட்டிய பேட்டரி, பழைய பேட்டரி நின்ற அளவுகூட நிற்கவில்லை. கடைசியில் வீங்கிப்போய் பின்மூடியையே தூக்கிவிட்டது.

அண்ணன் சென்னையில் கால் டாக்சி ஓட்டுகிறார். அவருக்குப் போன்தான் பிழைப்பு. சவாரி வருவது, வழி பார்ப்பது, ஓடிபி போடுவது, பணம் வாங்குவது எல்லாம் அதில்தான். காலையில் வண்டி எடுத்தால் இரவு வரை திரை எரிந்துகொண்டே இருக்கும். ஜிபிஎஸ், டேட்டா இரண்டும் ஓயாது. மூன்று வருடம் ஓடிய போன், 5000 எம்ஏஎச் பேட்டரி (எம்ஏஎச் என்பது பேட்டரியின் கொள்ளளவு). மதியத்துக்கே சார்ஜ் இறங்கிவிடுகிறது என்று வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு செல்போன் கடைக்குப் போனார்.

கடையில் இருந்தவர் போனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்கு 6500 எம்ஏஎச் வந்திருக்கு, அப்படியே உக்காரும், ஆறு மாசம் வாரண்டி" என்றாராம். 1,500 ரூபாய். ஜிபே செய்தார். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்னால் போன் மாடலையும் தேதியையும் எழுதிக் கொடுத்தார்கள். பழைய பேட்டரியைக் கேட்டபோது, "அது வேஸ்ட்டுண்ணே, வெச்சா வெடிச்சிடும்" என்று சொல்லி அவர்களே வைத்துக்கொண்டார்கள். கிளம்பும்போது, சார்ஜ் இன்னும் நிற்கும் என்று ஒரு பேட்டரி சேவர் ஆப்பையும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் வாரம் பரவாயில்லை. அப்புறம் சதவீதம் தாவ ஆரம்பித்தது. 60 இருக்கும், ஒரு போன் பேசி முடித்தால் 45. ஒருநாள் இரவு விமான நிலையத்துக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தபோது, 31 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் அப்படியே அணைந்துவிட்டது. நல்லவேளை, அண்ணனுக்கு வழி தெரியும். ஆனால் சவாரியை முடித்துவைக்க முடியவில்லை. பணம் எவ்வளவு என்று காட்ட வழியில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கோ விமானத்துக்கு நேரமாகிறது. தாங்களாகவே ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அவர் பட்ட அவமானத்தைச் சொன்னபோது எனக்குக் கோபம் தாங்கவில்லை.

31 சதவீதத்தில் போன் ஏன் அணைகிறது? தரமில்லாத பேட்டரியிலும் மிகவும் பழையதான பேட்டரியிலும் உள்ளே மின்தடை கூடுதலாக இருக்கும். திரை, ஜிபிஎஸ், டேட்டா எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும்போது அதன் மின்னழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். அந்த அழுத்தத்தில் இயங்க முடியாமல் போன் அணைந்துவிடும். ஆப்பிள் நிறுவனம் பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டதே, அப்போது அவர்கள் சொன்ன காரணமும் இப்படித் திடீரென அணைவதைத் தடுக்கத்தான் என்பது. ஆகவே சதவீதம் தாவினாலோ, 20, 30 இருக்கும்போதே போன் அணைந்தாலோ, போன் செட்டிங்ஸில் எதையும் மாற்றிப் பார்த்துப் பலனில்லை. பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும்.

மறுநாள் நானும் அண்ணனோடு கடைக்குப் போனேன். "சார்ஜ் போட்டுக்கிட்டே வண்டி ஓட்டுறீங்க, அதான்" என்றார்கள். வாரண்டி என்ன ஆச்சு என்றால், "அது செக்கிங் வாரண்டி சார், கடையில செக் பண்றப்ப ஓடுச்சில்ல." சரி, பேட்டரியைக் கழற்றிக் காட்டுங்கள் என்றோம். கழற்றினால் மறுபடி ஒட்ட 300 ரூபாய் ஆகும் என்றார்கள். பேச்சை வளர்க்காமல் அந்த போன் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குப் போனோம். அதற்குள் பின்மூடி ஒரு ஓரத்தில் லேசாக எழும்பியிருந்தது.

அங்கே எங்கள் கண்முன்னால் திறந்து பேட்டரியை வெளியே எடுத்தார்கள். நான் இந்தப் பதிவை எழுதக் காரணமே அதில் ஒட்டியிருந்த லேபிள்தான். பெரிய எழுத்தில் 6500 எம்ஏஎச். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 3.85 வோல்ட், 19.25 வாட் அவர். இந்த மூன்று எண்களும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். எம்ஏஎச்சை 1000-ஆல் வகுத்து வோல்ட்டால் பெருக்கினால் வாட் அவர், அதாவது பேட்டரியில் இருக்கும் மொத்த ஆற்றல், வரும். 6.5-ஐ 3.85-ஆல் பெருக்கினால் 25 வருகிறது. 19.25 வர வேண்டுமென்றால் எம்ஏஎச் 5000-ஆக இருக்க வேண்டும். அதாவது கம்பெனி லேபிளை அப்படியே பார்த்து அச்சடித்தவர்கள், ஆசை காட்டுவதற்காக ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். வாட் அவரை யார் கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்!

சரி, 5000-ஆவது உண்மையா? அதுவும் இல்லை. போன் வீங்குவதற்கு முன்பே, சார்ஜ் ஏறும்போது எவ்வளவு மின்னோட்டம் உள்ளே போகிறது என்று கணக்கிடும் அக்யூபேட்டரி ஆப்பை அண்ணன் போனில் போட்டுவைத்திருந்தேன். அது காட்டுவது தோராயமான மதிப்புதான்; ஆனாலும் பலமுறை சார்ஜ் போட்டுப் பார்த்தும் 3000-ஐத் தாண்டவே இல்லை.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். போனுக்குள் பேட்டரிக்கென்று விட்டிருக்கும் இடம் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து செய்தது. அதே நீளம், அகலம், தடிமனில் 5000 இருந்த இடத்தில் 6500 உட்கார வேண்டுமென்றால், அந்தக் கடைக்காரருக்குப் பேட்டரி கொடுத்தவர் அந்த போன் கம்பெனியைவிடப் பெரிய தொழில்நுட்பம் வைத்திருக்க வேண்டும். புதிதாக வரும் சிலிக்கான் கார்பன் பேட்டரிகளில் அதே இடத்தில் கூடுதலாக அடைக்க முடிகிறது என்பது உண்மைதான். ஆனால் அவை அந்தந்த புது போன்களுக்கென்றே வடிவமைத்து வருபவை. மூன்று வருடத்துப் பழைய மாடலுக்கு அது சந்துக் கடையில் கிடைக்காது.

பிஐஎஸ், அதாவது பொருட்களின் தரத்தைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பு, அந்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிக்குப் பிஐஎஸ் பதிவு கட்டாயம். லேபிளில் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கி எட்டு இலக்கம் கொண்ட பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற அரசு ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும். எங்களுக்கு மாட்டிய பேட்டரியில் முத்திரைப் படம் மட்டும் இருந்தது, எண்ணே இல்லை. பேட்டரியை மாட்டுவதற்கு முன்னால் லேபிளைக் காட்டச் சொல்லி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காட்ட மறுத்தால் போனை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு வேறு மாதிரி ஏமாற்று இருக்கிறது. பேட்டரி ஹெல்த் 100 என்று காட்டினால் போதும், நம்பிவிடுகிறோம். அந்த எண்ணையே திருத்தி எழுதும் கருவிகள் சந்தையில் உண்டு. பழைய பேட்டரியிலிருக்கும் சின்ன சர்க்யூட் போர்டை எடுத்து மலிவான செல்லில் பற்றவைத்தும் கொடுக்கிறார்கள். பேட்டரி அசல்தானா என்பதை அந்த 100 என்ற எண் மட்டும் நிரூபிக்காது.

கடையில் போட்டுக் கொடுத்த அந்த ஆப்புக்கு வருகிறேன். சர்வீஸ் சென்டரில் பேட்டரி உபயோகப் பட்டியலைத் திறந்து பார்த்தபோது, அதிகம் சார்ஜ் தின்றவற்றில் அந்த பேட்டரி சேவரும் இருந்தது. பூட்டிய திரையின் மேல் விளம்பரம் காட்டுவது, மற்ற ஆப்களை மூடிக்கொண்டே இருப்பது, இதுதான் அதன் வேலை. மூடிய ஆப் மறுபடி முதலிலிருந்து திறப்பதற்குக் கூடுதல் சார்ஜ் செலவாகும். பயன்படுத்தாத ஆப்களை அடக்கிவைக்கும் வேலையை ஆண்ட்ராய்டே செய்கிறது. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-லேயே டோஸ் என்ற வசதி வந்துவிட்டது, 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9-ல் அடாப்டிவ் பேட்டரியும் சேர்ந்தது. இவற்றுக்கு மேல் தனியாக ஒரு ஆப் தேவையே இல்லை. உங்கள் அப்பா அம்மா போனில் இப்படி ஏதாவது இருந்தால் இன்றைக்கே நீக்குங்கள்.

உண்மையில் அண்ணனின் பழைய பேட்டரி எதனால் தளர்ந்தது என்பதையும் அந்த சர்வீஸ் சென்டர் பையன்தான் பொறுமையாக விளக்கினான். வெயில். போனை டேஷ்போர்டில் கண்ணாடிக்கு ஒட்டி மாட்டியிருந்தார். சென்னை மே மாத வெயில் நேராக அதன்மேல் விழும். கூடவே சார்ஜரும் சொருகியிருக்கும். எப்போதும் 100 சதவீதத்திலேயே நிற்கும். லித்தியம் பேட்டரியைச் சீக்கிரம் கிழடாக்குவது சூடும் முழுச் சார்ஜும்தான். இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஓட்டுநர்கள் போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டே ஓட்டுவதைத் தவிர்க்க முடியாது, அதில் தவறும் இல்லை. போன் ஸ்டாண்டை ஏசி காற்று வரும் இடத்துக்கு மாற்றினோம். சார்ஜ் 80-ஐத் தொட்டதும் நிற்கும் வசதி அவர் போனிலேயே இருந்தது, அதை ஆன் செய்தோம். சிக்னல் குறைவான இடத்தில் நெட்வொர்க்கைத் தேடியே சார்ஜ் இறங்கும் என்பதால், காத்திருக்கும்போது சிக்னல் நன்றாக வரும் இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துகிறார். இவ்வளவும் செலவில்லாத விஷயம்.

ஒரிஜினல் பேட்டரி மாற்ற ஆன செலவு, அந்தக் கடையில் கொடுத்ததைவிடச் சில நூறு ரூபாய்தான் அதிகம். முறையான பில், மூன்று மாத வாரண்டி. பல போன் கம்பெனிகள் உதிரிபாக விலையைத் தங்கள் இணையதளத்திலேயே போடுகின்றன. வெளிக்கடைக்குப் போகும் முன் அதை ஒருமுறை பாருங்கள். சர்வீஸ் சென்டர் என்றாலே கொள்ளை என்ற பயத்தில்தான் பலர் அங்கே போவதே இல்லை. நல்ல வெளிக்கடைகள் நிச்சயம் இருக்கின்றன. அவர்கள் லேபிளைக் காட்டுவார்கள், பில் போடுவார்கள், கழற்றிய பேட்டரியைக் கேட்டால் பத்திரமாகச் சுற்றிக் கொடுப்பார்கள்.

பேட்டரி ஏற்கனவே வீங்கியிருந்தால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். திரையோ பின்மூடியோ எழும்பினால், மேசையில் வைத்தால் போன் ஆடினால், அதுதான் அடையாளம். உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அமுக்கி மூடப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்தவே கூடாது. உள்ளே ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். போனை அணைத்து, தலையணை, துணி எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது. குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கே தீப்பிடிக்கும்.

இப்போது புகார் நிலவரம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தோம், தமிழிலேயே பேசலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி பில் கொடுக்க மறுப்பதே நியாயமற்ற வணிகமுறை. அதனால் பில் இல்லையே என்று யாரும் புகார் கொடுக்காமல் இருக்க வேண்டாம். எங்களிடம் இருந்தவை ஜிபே ரசீது, தேதி எழுதிய விசிட்டிங் கார்டு, லேபிளின் போட்டோ, வீங்கிய பேட்டரியைப் பற்றி சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்த குறிப்பு. அவற்றை வைத்தே புகார் பதிவாகிவிட்டது. பதிவான பிறகு கடையிலிருந்து போன் வந்தது; 700 ரூபாய் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். அண்ணன் மறுத்துவிட்டார். முழுப் பணமும் வர வேண்டும், அந்த லேபிள் ஒட்டிய பேட்டரிகளைக் கடையிலிருந்து எடுக்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்பது. இதில் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. என்ன ஆனது என்று எழுதுகிறேன். உங்கள் போனில் மாட்டிய பேட்டரியின் லேபிள் போட்டோ கையில் இருந்தால் இப்போதே அந்த மூன்று எண்களும் பொருந்துகின்றனவா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.