கதவில் மிஞ்சிய வால்நட்

சதுரங்கப் பலகை செய்ய எனக்கு வேண்டியது, இரண்டு நிறமும் சேர்த்து சுமார் 2 சதுர அடி வெனீர், அதாவது மெல்லிதாகச் சீவிய மர ஏடு. கடலூரில் நான் ஏறி இறங்கிய கடைகளில் 8க்கு 4 முழு ஷீட்டுக்குக் குறைந்து பேச்சே இல்லை. அதாவது 32 சதுர அடி. தபாலில் வரவழைத்த மெல்லிய ஏடுகளோ சுருட்டி அனுப்பப்பட்டு, ரேகை வாக்கில் கிழிந்து வந்து சேர்ந்தன.

பிறகுதான் கதவு நினைவுக்கு வந்தது. 7க்கு 3 கதவுக்கு ஒரு முழு ஷீட்டை வெட்டினால் 21 சதுர அடி போக 11 சதுர அடி மிஞ்சும். அந்த மிச்சம் எங்கே போகிறது? இப்படித் தேடிப்போய்க் கிடைத்ததுதான் புதுச்சேரியில் வில்லியனூர் சாலையில் இருக்கும் இந்தக் கடை. முன்னால் பிளைவுட் வியாபாரம், பின்னால் கதவுப் பட்டறை. ஓர் அடி அகலத் துண்டுகளைச் சுவரோரம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 4 மி.மீ. பிளைவுட் மேல் வால்நட் என்னும் கரும்பழுப்பு மரத்தின் ஏடு ஒட்டியது, சதுர அடி 45 ரூபாய். அதே கடையில் முழு ஷீட்டாக வாங்கினால் சதுர அடிக்கு 130.

விலையைவிட என்னைக் கவர்ந்தது அங்கிருக்கும் பெரியவர் சரக்கைக் காட்டும் விதம். ஈரத் துணியால் துண்டை ஒருமுறை துடைத்தார். சாம்பல் பூத்துக் கிடந்த முகத்தில் காப்பி நிறமும் கருஞ்சிவப்புக் கோடுகளும் எழுந்து வந்தன. "பாலிஷ் போட்டால் இந்த நிறம்தான் வரும் சார்" என்றார். அடுத்த துண்டைக் கையில் எடுத்தபோது, "அது ரீகான், தொழிற்சாலையில் செய்த செயற்கை ஏடு. கோடு திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும், பாருங்கள்" என்று அவராகவே சொல்லிவிட்டார். வேறோர் ஊரில் ரீகானையே இயற்கை மரம் என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள். இந்த நேர்மைக்காகவே மூன்று முறை போய்விட்டேன்.

வெளிர் நிறத்துக்கு மேப்பிள் கிடைத்தது. 5 செ.மீ. அகலத்தில் மேப்பிள் 5, வால்நட் 4 என்று பட்டிகள் அறுத்து, மாற்றி மாற்றி ஒட்டி, காய்ந்ததும் குறுக்கே 8 வரிசைகளாக அறுத்தேன். ஒன்றுவிட்டு ஒரு வரிசையை ஒரு கட்டம் நகர்த்தினால் பலகை தயார். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டங்களைக் களைந்துவிட வேண்டியதுதான். குறுக்கே அறுக்கும்போது ஏடு சில்லுச் சில்லாகப் பெயரும். முதலில் கூரிய கத்தியால் கோடு கீறி, அதன் மேல் டேப் ஒட்டி, பிறகு ரம்பம் வையுங்கள். உப்புத்தாளைக் கையால் மட்டும் தேயுங்கள். ஏட்டின் கனம் அரை மில்லிமீட்டர் அளவுதான். மெஷின் வைத்தால் ஒரு நொடியில் அடியிலிருக்கும் பிளைவுட் தெரிந்துவிடும்.

குறையும் உண்டு. துண்டுகள் எல்லாம் கலந்து கிடப்பதால் ஒரே கட்டையில் சீவிய அடுத்தடுத்த ஏடுகள் அமைவது அரிது. புத்தகம் விரித்தாற்போல இரண்டு பக்கமும் ரேகை பொருந்த வேண்டுமென்றால் முழு ஷீட்தான் வாங்க வேண்டும். துண்டுகள் தரையில் நிற்பதால் சிலவற்றின் கீழ் முனை ஈரத்தில் ஊதியிருக்கிறது. விரலால் தடவிப் பார்த்து எடுங்கள்.

பின்பக்கம் ஒட்ட அலங்காரம் இல்லாத 4 மி.மீ. துண்டும் அங்கேயே வாங்கிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் நம் கடற்கரைக் காற்றுக்குப் பலகை வளைந்துவிடும். கேட்டால் இரண்டடி நீளமாக அறுத்துத் தருகிறார்கள், கூலி வாங்குவதில்லை. கடலூர் பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தேன்.