பழைய லேப்டாப்பில் ஃபயர்பாக்ஸ்: நீண்ட நாள் அனுபவம்

இன்ஸ்டால் செய்த அன்றைக்கு எந்த பிரவுசரும் பறக்கத்தான் செய்யும். ஏழெட்டு எக்ஸ்டென்ஷன், வருஷக்கணக்கான ஹிஸ்டரி, மூடாமல் விட்ட டேப்கள் எல்லாம் சேர்ந்த பிறகு எப்படி ஓடுகிறது என்பதுதான் விஷயம். என் லேப்டாப்பில் 4 ஜிபி ரேம்தான். நாள் முழுக்க வேலை ஃபயர்பாக்ஸில்.

2016க்கு முன்பு இதைப் பயன்படுத்தியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: ஒரு டேபில் கனமான பக்கம் திணறினால் மொத்த ஜன்னலும் உறைந்துவிடும். மெனு திறக்காது, பக்கத்து டேபுக்கும் போக முடியாது. இணையப் பக்கங்களும் பிரவுசரின் சொந்த பட்டன்களும் ஒரே பிராசஸில், அதாவது கணினி தனியாக நடத்தும் ஒரே இயக்கத்தில், ஓடியதுதான் காரணம். 2016 ஆகஸ்டில் வந்த 48ஆம் பதிப்பிலிருந்து இதைப் படிப்படியாகப் பிரித்தார்கள். 2017 நவம்பரில் 57ஆம் பதிப்பு, அதாவது குவாண்டம், வந்தபோது வேறு பிரவுசருக்கு மாறிய மாதிரி இருந்தது. பக்கத்தின் நிறம், எழுத்து, அமைப்பைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் வேலையை பிராசசரின் எல்லா கோர்களுக்கும் பங்கு போடும் ஸ்டைலோ என்ற பகுதியைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். நான் அதைவிடப் பெரிதாக மதிப்பது குவாண்டம் ஃப்ளோ என்ற பெயரில் நடந்த துப்புரவு வேலையை. கிளிக்குக்குப் பதில் சொல்ல வேண்டிய முக்கிய வேலை வரிசையை (மெயின் த்ரெட்) அடைத்துக்கொண்டு நின்ற சின்னச் சின்ன வேலைகளைத் தேடிப்பிடித்து ஒதுக்கினார்கள். வெளியே சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத வேலை, ஆனால் கிளிக் செய்தவுடன் டேப் மாறியது. (பழைய எக்ஸ்டென்ஷன்கள் அந்தப் பதிப்போடு செத்துப்போனதில் பலருக்கு இன்னும் கோபம் உண்டு. நியாயமான கோபம்.)

அதே காலத்தில் வேகத்தைச் சோதிக்கும் முறையும் மாறியது. கூகுள் 2012இல் கொண்டுவந்த ஆக்டேன் சோதனையை 2017 ஏப்ரலில் அவர்களே ஓய்வுபெற வைத்தார்கள். ஆக்டேனில் மார்க் வாங்குவதற்கென்றே பக்கங்களில் உள்ள நிரலை ஓட்டும் ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜின்களைச் செதுக்கினார்கள். மார்க் ஏறியது, நிஜப் பக்கங்களுக்குப் பெரிய பலன் இல்லை. பழைய கேள்வித்தாளை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிய கதைதான். ஸ்பீடோமீட்டர் என்ற இன்னொரு சோதனை கொஞ்சம் நேர்மையானது. ஒரு ஆள் பட்டியலில் வேலைகளைச் சேர்ப்பதும், டிக் அடிப்பதும், அழிப்பதும் போல நடித்துப் பார்த்து, அதற்கு ஆகும் நேரத்தை அளக்கும். 2024 மார்ச்சில் வந்த மூன்றாம் பதிப்பைப் போட்டி நிறுவனங்களான ஆப்பிள், கூகுள், ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லா சேர்ந்தே தயாரித்தன.

சரி, மார்க் நன்றாக இருந்தால் போதுமா? தமிழில் டைப் செய்து பாருங்கள். நான் வேலைக்காகத் திறக்கும் ஒரு தளத்தில், தேடல் பெட்டியில் ஒவ்வொரு எழுத்துக்கும் சர்வரிடம் கேட்டுவிட்டு வந்து பட்டியலை மறுபடி வரையும். ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் 'கொ' வர வேண்டுமென்றால் முதலில் 'க்' விழுந்து, அது மாறி 'கொ' ஆக வேண்டும். திரை பின்தங்கினால் எந்த எழுத்து விழுந்தது என்றே தெரியாது. பேக்ஸ்பேஸை அழுத்துவோம், ஒன்றும் நகராது. இன்னும் இரண்டு தடவை அழுத்துவோம். அப்புறம் எல்லாம் ஒரேயடியாக வந்து சொல்லையே விழுங்கிவிடும். குரோமில் திறந்தாலும் இதே கதிதான், தப்பு தளத்தின் மேல். அதைச் சோதித்தவர்கள் புது மெஷினில், ஆங்கிலத்தில், நாலு எழுத்து அடித்துப் பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

தட்டியதற்கும் திரை மாறுவதற்கும் இடையே ஆகும் நேரத்தை ஐஎன்பி என்ற அளவாக 2024 மார்ச்சிலிருந்து கூகுள் தன் முக்கிய அளவுகோல்களில் சேர்த்திருக்கிறது. 200 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது என்று கணக்கு. நிஜப் பயனர்களிடமிருந்து எடுப்பதால் ஆய்வகச் சோதனையைவிட நம்பகமானது. ஆனால் கூகுள் அந்தத் தரவைக் குரோம் பயனர்களிடமிருந்துதான் திரட்டுகிறது. ஃபயர்பாக்ஸில் நான் பட்ட பாடு அதில் ஏறாது!

குறைந்த ரேம் உள்ளவர்களுக்கு இரண்டு விஷயம். விண்டோஸில் 93ஆம் பதிப்பிலிருந்து, மெமரி தீரும் நிலை வந்தால் ஃபயர்பாக்ஸ் பயன்படாத டேப்களைத் தானே இறக்கிவைக்கிறது. திரும்பப் போனால் பக்கம் மறுபடி லோட் ஆகும், அவ்வளவுதான். ஷிஃப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் மெமரியைத் தின்கிறது என்று பட்டியல் வரும். அதைப் பார்த்தும் சரியாகாவிட்டால் 'ரிஃப்ரெஷ் ஃபயர்பாக்ஸ்' இருக்கிறது. எக்ஸ்டென்ஷன்கள் போய்விடும், புக்மார்க்கும் பாஸ்வேர்டும் தங்கும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது நான் அதைச் செய்துவிடுகிறேன்.